பேஸ்பால் கார்டில் இருப்பது பேனா மையா, அச்சு மையா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். என் மகனுக்கு பேஸ்பால் என்றால் உயிர். பழைய ஆட்டக்காரர்களின் கணக்கெல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். வருகிற பிறந்தநாளுக்கு, ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சின்ன அட்டையான பேஸ்பால் கார்டில் அவரே கையெழுத்துப் போட்டது ஒன்று வாங்கித் தரலாம் என்று ஆன்லைனில் தேடி, இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று டாப்ஸ் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஹாங்க் ஆரன் கார்டு, 65 டாலர். பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது, சான்றிதழும் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று பந்துவீச்சாளர் நோலன் ரயனின் 1980 டாப்ஸ் கார்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, 140 டாலர். இரண்டுமே ஏமாற்று வேலை என்கிறார் என் கணவர். படங்களை இணைத்திருக்கிறேன். எது அசல், எது பிற்பாடு திரும்ப அச்சிட்ட ரீபிரிண்ட் என்று வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, எடிசன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, ஆரன் கார்டை வாங்காதீர்கள். ரயன் கார்டை வாங்கலாம் என்றே தோன்றுகிறது, ஆனால் அதில் சரிபார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. பழைய கார்டுகளையும் கையெழுத்துகளையும் பரிசோதித்துச் சொல்வதுதான் என் தொழில். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். அடுத்த முறை நீங்களே பார்த்து முடிவு செய்யலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கார்டு அசலா என்பது ஒரு கேள்வி, கையெழுத்து அசலா என்பது வேறொரு கேள்வி. அசல் கார்டில் கள்ளக் கையெழுத்து இருக்கலாம். ரீபிரிண்ட் கார்டில் அந்த ஆட்டக்காரரே உட்கார்ந்து போட்ட நிஜக் கையெழுத்தும் இருக்கலாம். டாப்ஸ் நிறுவனமே தன் பழைய கார்டுகளைத் திரும்ப அச்சிட்டிருக்கிறது. 1983-இல் 1952 வரிசையை மறுபடி வெளியிட்டார்கள், 2000-இல் ஆரனின் பழைய கார்டுகள் 23-ஐ ரீபிரிண்ட்டாகப் பாக்கெட்டுகளில் வைத்தார்கள். அதெல்லாம் நேர்மையான சரக்குதான். ரீபிரிண்ட் என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. கார்டும் ரீபிரிண்ட், கையெழுத்தும் அதோடு சேர்ந்து அச்சானது என்ற வகையைத்தான் விலக்க வேண்டும். 'கையெழுத்துள்ள கார்டு' என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். நல்ல ஸ்கேனரும் பளபளப்புத் தாளும் கலர் பிரிண்டரும் இருந்தால் ஒரே மாலையில் நூறு அடித்துவிடலாம்.

உங்கள் ஆரன் கார்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எத்தனை கையெழுத்து தெரிகிறது? ஒன்றுதான். அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. 1954 டாப்ஸ் வரிசையில் ஒவ்வொரு கார்டின் முகப்பிலும் ஆட்டக்காரரின் கையெழுத்தை அச்சிலேயே போட்டுத்தான் வெளியிட்டார்கள். கடையில் சூயிங்கத்தோடு வாங்கிய எல்லாப் பையன்களுக்கும் அதே கையெழுத்து, அதே இடத்தில்தான் கிடைத்தது. ஆகவே ஆரன் பிற்காலத்தில் அந்தக் கார்டில் உண்மையாகவே கையெழுத்திட்டிருந்தால், அதில் இரண்டு இருக்க வேண்டும்: அச்சில் வந்தது ஒன்று, பேனாவில் போட்டது ஒன்று. விற்பவர் காட்டுவது அச்சுக் கையெழுத்தை மட்டும்தான். சந்தேகமாக இருந்தால் கையெழுத்தில்லாத அதே 1954 ஆரன் கார்டின் படங்கள் நான்கைந்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் வளைவும் அது இருக்கும் இடமும் இம்மி பிசகாமல் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். மனிதக் கை அப்படிப் போடாது.

1952, 1955, 1971, 1975, 1977, 1980 வரிசைகளிலும் இதே போல அச்சுக் கையெழுத்து உண்டு. இது தெரியாமல் 'தாத்தா வைத்திருந்த கையெழுத்துக் கார்டு' என்று நல்ல மனசோடு விற்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு விற்க வந்தவர் தலைப்பின் கடைசியில் 'ஆர்.பி.' என்று இரண்டெழுத்தைச் சேர்த்திருக்கிறார். ரீபிரிண்ட் என்பதற்கான சுருக்கம் அது. தெரியாமல் செய்கிறவர் அதைப் போட மாட்டார். நாளைக்கு நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'தலைப்பிலேயே சொல்லியிருந்தேனே' என்று தப்பிப்பதற்கான வழி அது. தலைப்பைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். விளக்கப் பகுதியையும் கீழே இறங்கி முழுக்கப் படியுங்கள். ரீபிரிண்ட், நகல், 'அச்சிட்ட கையெழுத்து', 'அலங்காரத்துக்கு மட்டும்' மாதிரியான சொற்கள் அடியில் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

அளவும் உங்களுக்குச் சாதகமான சாட்சி. 1954 டாப்ஸ் கார்டு இப்போதைய கார்டை விடப் பெரியது, சுமார் 66.7 மில்லிமீட்டர் அகலம், 95.3 மில்லிமீட்டர் உயரம். 1957-இல்தான் டாப்ஸ் இப்போதைய அளவுக்கு, அதாவது 63.5-க்கு 88.9 மில்லிமீட்டருக்கு இறங்கியது. விற்பவர் கார்டை வைத்திருக்கும் சாதாரண பிளாஸ்டிக் உறை இன்றைய அளவுக் கார்டுக்கானது. 1954 அசல் அதற்குள் சரியாகப் பொருந்தாது. அளவு சரியாக இருந்தால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பழைய அளவிலேயே ரீபிரிண்ட் அடிப்பவர்களும் உண்டு. ஓரம் வெட்டப்பட்ட அசல் கார்டு அளவில் குறையவும் செய்யும். ஆனால் ஒரு ஸ்கேல் எடுத்து அளக்கச் சொல்லிக் கேட்பது செலவில்லாத முதல் வடிகட்டல். கேட்டதும் விற்பவர் பதில் சொல்லாமல் நழுவினால் அதுவும் ஒரு பதில்தான்.

விலையையும் யோசியுங்கள். அது ஆரனின் முதல் வருடக் கார்டு. 1974-இல் பேப் ரூத்தின் 714 ஹோம்ரன் சாதனையைத் தாண்டி, கடைசியில் 755 ஹோம்ரன்னோடு ஓய்வு பெற்றவர் அவர். கையெழுத்தே இல்லாமல், மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்த அசல்கூடப் பல நூறு டாலருக்குக் குறைந்து போகாது. அதை 65 டாலருக்குக் கையெழுத்தோடு தர யாருக்கும் காரணம் இல்லை.

சரி, கார்டு கைக்கு வந்துவிட்டால், அல்லது கண்காட்சியில் நேரில் பார்க்கக் கிடைத்தால் என்ன செய்வது? நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. இந்தத் தொழிலில் நான் அதிகம் நம்பும் கருவி அதுதான். கையெழுத்துக் கோடு, படத்தின் வெளிர் நிறப் பகுதியிலிருந்து அடர் நிறப் பகுதிக்குக் கடந்து போகும் இடத்தில் லென்ஸை வையுங்கள். படம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போலச் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும். இப்போது கோட்டைக் கவனியுங்கள். பேனாவில் போட்டதென்றால், கோடு அந்தப் புள்ளிகளுக்கு மேலே ஒரே நிறமாக, இடைவெளியில்லாமல் ஓடும். மை மெல்லியதாக இருந்தால் அடியிலிருக்கும் புள்ளிகள் அதன் ஊடே மங்கலாகத் தெரியும். இரண்டு இழுப்பு ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், உதாரணமாக ஆங்கில 'ஆர்' எழுத்தின் கால் உடம்போடு சேரும் இடத்தில், மை இரட்டித்து அடர்ந்திருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததென்றால் கோடே புள்ளிகளாக உடைந்து நிற்கும், வெட்டும் இடத்தில் அடர்த்தி கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோட்டில் புள்ளி இல்லை என்பதால் மட்டும் அது பேனா என்று சொல்லிவிட முடியாது. டாப்ஸ் அன்று அசலாக அச்சிட்ட கையெழுத்தும் புள்ளியில்லாத முழுக் கோடுதான். ஆட்டக்காரரின் பெயர், ஓரக் கோடுகள், அச்சுக் கையெழுத்து எல்லாம் அசல் கார்டில் திடமான மையில் இருக்கும். அதனால் அடுத்த சோதனையும் வேண்டும். கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சாயுங்கள். பேனா மைக்கு அட்டையின் பளபளப்பிலிருந்து வேறுபட்ட தனி மினுக்கு இருக்கும், சாய்க்கும்போது கோடு மட்டும் தனியே பளிச்சிடும் அல்லது தனியே மங்கும். அச்சு மை அட்டையோடு அட்டையாகக் கிடக்கும். பால்பாயின்ட் பேனாவாக இருந்தால் அட்டையில் லேசான பள்ளமும் விழுந்திருக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அது தெரியும்.

அட்டைக்கும் இதே லென்ஸ்தான். அசல் பழைய கார்டில் பெயர் எழுத்துகளின் ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த ரீபிரிண்ட்டில் பெயரும் எண்ணும் பின்பக்கக் கட்டங்களும்கூடப் புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரியும். பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நேர்மையான ரீபிரிண்ட்டுகளில் ரீபிரிண்ட் என்ற சொல்லோ புதிய காப்புரிமை ஆண்டோ பின்னால் இருக்கும். ஏமாற்றுகிறவர்கள் அதை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் அட்டை சொரசொரப்பாக இருக்கும், விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்த ஒரு திட்டு மட்டும் வெளிச்சத்தைக் கூடுதலாக விடும். டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்குவதும் உண்டு. பையன்கள் கையில் புழங்கித் தேய்ந்த கார்டில் நான்கு மூலையும் நான்கு விதமாக இருக்கும், அட்டையின் அடுக்குகள் பிரிந்து அதில் கறுப்பாக அழுக்கு ஏறியிருக்கும். நான்கு மூலையும் ஒரே மாதிரி மழுங்கி, கறை ஒரே சீராகப் பரவியிருந்தால் நான் அந்தக் கார்டைத் திரும்பக் கொடுத்துவிடுவேன்.

இதில் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. எந்த வருடத்துக் கார்டைத் தேடுகிறீர்களோ, அதே வருடத்தில் யாரும் தேடாத ஒரு சாதாரண ஆட்டக்காரரின் அடிபட்ட அசல் கார்டை நம்பகமான கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை யாரும் போலி அடிப்பதில்லை, அடித்தால் கட்டுபடியாகாது. அதுதான் உங்கள் உரைகல். அட்டையின் தடிமன், நிறம், விளக்குக்கு எதிரே எவ்வளவு மறைக்கிறது, புற ஊதா விளக்கில் எப்படித் தெரிகிறது, எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடலாம். உங்கள் மகனுக்கும் இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

இனி கையெழுத்து பேனாவில்தான் போடப்பட்டது, ஆனால் போட்டது யார் என்ற கேள்வி. இதுதான் கஷ்டமானது. நேர்மையாகச் சொன்னால், புதிதாக வருகிறவர் படத்தை மட்டும் பார்த்து இதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இருந்தாலும் சில அறிகுறிகளைக் கவனிக்கலாம். தன் பெயரை ஆயிரக்கணக்கான முறை போட்டவர் யோசிக்காமல் போடுவார். பேனா அட்டையைத் தொடும்போதே ஓடிக்கொண்டிருக்கும், தூக்கும்போதும் ஓட்டத்திலேயே தூக்கும், அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் கூராக மெலிந்திருக்கும். பார்த்துப் பார்த்து வரைகிறவர் மெதுவாகப் போடுவார். தொடக்கத்தில் மொத்தையாக மை தேங்கும், வளைவுகளில் நடுக்கம் தெரியும், தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்துத் திரும்ப வைத்த ஒட்டு இருக்கும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கையெழுத்து ஒன்றோடு மேலே வைத்ததுபோல் அப்படியே பொருந்தினால் அது இன்னும் மோசம். ஆட்டோபென் என்ற இயந்திரமோ ரப்பர் ஸ்டாம்ப்போதான் அப்படிப் போடும். பேனாவின் வயதையும் பாருங்கள். ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964-இல்தான். '1954-இல் மைதானத்தில் வாங்கியது' என்று சொல்லி ஷார்ப்பி கையெழுத்தைக் காட்டினால், அந்தக் கதை பொய். பிற்காலத்தில் வாங்கியது என்றால் ஷார்ப்பி சரியே.

சான்றிதழ் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். சான்றிதழ் ஒரு தாள். அதை யார் கொடுத்தார்கள் என்பதுதான் அதன் மதிப்பு. விற்பவரே அடித்துக் கொடுக்கும் சான்றிதழ் அவர் வாய்வார்த்தைக்கு மேல் எதுவுமில்லை. 1990-களில் சான் டியேகோ எஃப்.பி.ஐ. அலுவலகம் 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில் பிடிபட்ட கும்பல், கள்ளக் கையெழுத்துகளோடு சான்றிதழ்களையும் சேர்த்தே புழக்கத்தில் விட்டது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அவர்களிடம் இருந்தது. பந்தை வாங்கியவர்கள் அன்னை தெரசா எதற்காகப் பேஸ்பாலில் கையெழுத்துப் போடுவார் என்று கேட்கவில்லை, கூட இருந்த தாளை நம்பினார்கள். சான் டியேகோவின் பேஸ்பால் அணியான பாட்ரஸின் நட்சத்திரம் டோனி க்வின், அணியின் சொந்தக் கடையிலேயே தன் பெயரில் விற்ற பொருள்களைப் பார்த்து, இது நான் போட்டதில்லை என்று சொன்னார். மேஜர் லீக் பேஸ்பால் 2001-இல் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டும் சொந்தச் சரிபார்ப்பு முறையைக் கொண்டுவந்ததற்கு இந்த மாதிரி அனுபவங்கள்தான் காரணம்.

இன்று நான் ஏற்றுக்கொள்வது மூன்று சரிபார்ப்பு நிறுவனங்களை: பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட். இவர்களும் மனிதர்களே, தவறு நேரலாம், ஆனால் விற்பனையில் பங்கில்லாத மூன்றாம் தரப்பு. உங்கள் ரயன் கார்டு இவற்றில் ஒன்றின் உறைக்குள் இருக்கிறது. படத்தில் இரண்டு கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது: 1980 வரிசைக்கே உரிய அச்சுக் கையெழுத்து ஒன்று, அதைத் தொடாமல் மார்பின் குறுக்கே நீல மார்க்கரில் ஒன்று. பேனாக் கோட்டின் ஓட்டமும் நன்றாக இருக்கிறது. ரயன் கணக்கில்லாமல் கையெழுத்துப் போட்டவர், அதனால் நியாயமான விலைக்கு அசல் கிடைப்பதில் வியப்பில்லை.

வாங்குவதற்கு முன் உறையின் மேல் லேபிளைப் படியுங்கள். கையெழுத்து சரிபார்க்கப்பட்டது என்று அதில் தனியாக எழுதியிருக்க வேண்டும். கார்டின் தரத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால், கையெழுத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் லேபிளில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் தளத்தில், நீங்களே முகவரியைத் தட்டிப் போய்ச் சரிபாருங்கள். விற்பவர் அனுப்பும் லிங்க்கையோ லேபிளில் இருக்கும் கியூஆர் கோடையோ மட்டும் நம்ப வேண்டாம். எண் கிடைப்பதோடும் நிறுத்தாதீர்கள். ஒரு நிஜக் கார்டின் எண்ணை எடுத்துப் போலி உறையில் போடுகிறார்கள், எண் சரியாகத்தான் வரும். அங்கே படம் இருந்தால் கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூலையில் என்ன அடி என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உறையின் விளிம்பில் நெம்பித் திறந்த வெண்மையான கீறலோ பசைத் தடமோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பணத்தைத் தளத்தின் வழியாகவே, கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 'நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்புங்கள், விலை குறைக்கிறேன்' என்று சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். விளம்பரப் பக்கத்தை முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துக் கார்டு எல்லாமே ஏமாற்று என்பது சரியில்லை. ஆட்டக்காரர்கள் நிறுவனத்துக்காகவே கையெழுத்திட்டு, பாக்கெட்டுக்குள் வைத்து வெளிவரும் கார்டுகள் 1990-லிருந்தே இருக்கின்றன. அப்பர் டெக் நிறுவனம் அந்த வருடம் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளை எண் போட்டுப் பாக்கெட்டுகளில் கலந்தது. இன்று டாப்ஸ் வெளியிடும் அத்தகைய கார்டுகளின் பின்பக்கத்தில் கையெழுத்துக்கு நிறுவனமே உத்தரவாதம் தந்திருக்கும். பெரிய நட்சத்திரமாக இல்லாத இன்றைய ஆட்டக்காரர்களின் கார்டுகள் ஆரன் போலிக்குக் கேட்ட விலையை விடக் குறைவாகவே கிடைக்கும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். எடிசனிலிருந்து பிரிட்ஜ்வாட்டர் பக்கம்தான். நியூயார்க் யாங்கீஸுக்கு இரண்டு படி கீழே, இளம் ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் டபுள்-ஏ அணியான சோமர்செட் பேட்ரியட்ஸ் அங்கேதான் ஆடுகிறது. கோடைக்காலத்தில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய் வேலியோரம் நின்றால் இளம் ஆட்டக்காரர்கள் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். நாளைக்கு யாங்கீஸில் ஆடப்போகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். கண்ணெதிரே போட்ட கையெழுத்துக்கு எந்த நிறுவனத்தின் லேபிளும் தேவைப்படாது. நீல நிற ஷார்ப்பி ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். கார்டு பளபளப்பாக இருந்தால் மை முத்து முத்தாகத் திரளும், அதனால் முதல் நாளே சுத்தமான பருத்தித் துணியால் மேற்பரப்பை லேசாகத் துடைத்து வைக்கட்டும். கையெழுத்து வாங்கிய பிறகு உறைக்குள் போடுவதற்கு முன் சில நிமிடங்கள் காயவிட வேண்டும். ஈரத்தோடு போட்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு கோடு உரிந்துவிடும்.